பெயரில்லாத உரிமையாளர்

சற்றுமுன் மாற்றிய கோப்புறை மறுபடியும் பழையபடியே இருந்தது. லொரைன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தாள். உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். தனியாக வசிக்கும் முதியவர்களின் வீடுகளில் மின்பூட்டும் கேமராவும் பொருத்தித் தருவது அவர்கள் தொழில்; தாதியர் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். புதிய மென்பொருளை இன்று சர்வரில் ஏற்றியாக வேண்டும். ஏற்றும்போதெல்லாம் பூட்டுகளுக்கான கோப்புறையில் வந்து நின்றது: அனுமதி மறுக்கப்பட்டது.

எண்ணைப் பார்த்து அவள் முதலில் பயப்படவில்லை. வேலையைவிட்டுப் போனவரின் கணக்கை நீக்கினால், அவர் விட்டுச்சென்ற கோப்புகளில் பெயர் மறைந்து எண் மட்டும் நிற்கும். ஆனால் உரிமையை அவள் சரியான கணக்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். கண் எடுத்த மறுகணம் எண் திரும்பி வந்தது. சர்வருக்குள் வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் இரைச்சலும், கீழே நார்க்கூடைகளில் வாடும் மல்லிகையின் வாடையும், பக்கத்து அறையில் சர்வர் விசிறிகள் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவதுபோல் சுழலும் சத்தமும்தான் அவளுக்குத் துணை.

முதலாளி ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டாள்.

"எல்லாருக்கும் ஃபுல் பெர்மிஷன் குடுத்துடு லா. நாளைக்கு மூடிக்கலாம்."

"அப்படிச் செஞ்சா யார் வேணாலும் கதவைத் திறக்கலாம் பாஸ்."

"யாரு வரப்போறா? ஹாஸ்பிடல்காரங்க சாயங்காலம் டெமோ பாக்குறாங்க. உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கிறேன்."

அவள் கொடுத்தாள். எல்லாருக்கும், எல்லா அனுமதியும். மென்பொருள் ஒரு தடங்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது.

மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துவிட, சந்து இருண்டது. மல்லிகை வாடை மாறியிருந்தது. சவப்பெட்டி மூடும்வரை மாலைகளிலிருந்து வருமே, அந்தப் புளித்த இனிப்பு. விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் ஒரு வரி வந்தது. மார்சிலிங்கில் ஒரு வீட்டுக் கதவு திறக்கப்பட்டது. திறந்தவர் பெயர் இல்லை. அதே எண்.

அது அவள் அம்மாவின் வீடு.

அம்மா அல்போன்சம்மாளுக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன. பக்கவாதத்துக்குப் பிறகு கட்டில்தான் உலகம். பணிப்பெண்ணுக்கு இன்று விடுமுறை. லொரைன் அழைத்தாள். தலைமாட்டில் இருக்கும் போனின் பொத்தானை அம்மா தடவி அழுத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா, வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரு பேசுறது?"

"நான்தாம்மா, லொரைன்."

அம்மா சிரித்தாள். "லொரைன் என் பக்கத்துல உக்காந்திருக்கா. கை மட்டும் ஏன்டி இப்படி ஜில்லுனு இருக்கு?" கடைசிக் கேள்வி போனுக்கானதல்ல.

இணைப்பு அறுந்தது.

லொரைன் அனுமதிகளை மூடப் பார்த்தாள். மறுக்கப்பட்டது. பூட்டை வெளியிலிருந்து இயக்கப் பார்த்தாள். மறுக்கப்பட்டது. அலுவலகக் கதவுக்கு ஓடி அட்டையைக் காட்டினாள். அந்தப் பூட்டும் இதே சர்வரில்தான் இருந்தது. சிவப்பு விளக்கு. கதவை உதைத்தாள். கீழே யாரோ பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். போலீஸுக்குச் சொன்னாள், வருவதாகச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுப் பூவம்மாவை அழைத்து, அம்மா வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கும்படி கெஞ்சினாள். போனிலேயே செருப்புச் சத்தமும் தட்டும் சத்தமும் கேட்டன. பிறகு ஒரு குரல், கதவுக்கு அப்பாலிருந்து: "ஒண்ணுமில்ல ஆன்ட்டி. அம்மாவுக்கு ஊட்டிக்கிட்டு இருக்கேன்."

அவளுடைய குரல்.

"நீ உள்ளதானே இருக்க லொரைன்? எதுக்கு எனக்கு வெளையாட்டுக் காட்டுற?" பூவம்மா வருத்தத்தோடு போனை வைத்தாள்.

லொரைன் திரைக்குத் திரும்பினாள். அவள் கணக்கிலிருந்து எல்லாம் பிடுங்கப்பட்டிருந்தது. எழுத முடியாது. இயக்க முடியாது. ஒன்றே ஒன்று மட்டும் விட்டுவைக்கப்பட்டிருந்தது.

பார்க்கலாம்.

கேமரா தானாகத் திறந்தது. மூட முடியவில்லை. கட்டிலில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. இல்லாத ஒரு கை தாங்கியதுபோல் அவள் மோவாய் மேலே உயர்ந்தது. வாய் திறந்தது. தொண்டை புடைத்தது. கைமுட்டியளவு ஏதோ ஒன்று மெல்ல உள்ளே இறங்கியது.

"போதும்டி" என்றாள் அம்மா. "எனக்குப் பசிக்கல."

மோவாய் மறுபடி உயர்ந்தது.

"லொரைன், போதும்மா."

உதட்டோரம் கிழிந்தது. வாய் இன்னும் திறந்தது. பார்வையற்ற அந்தக் கண்கள், மகள் முகம் இருக்கும் என்று நம்பிய வெற்றிடத்தைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டே இருந்தன. வாய் இன்னும் திறந்தது.