நடுங்காத புள்ளி

வெர்லின் டாக்கெட்டின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கைத்துப்பாக்கியிலிருந்து கிளம்பித் துப்பாக்கிக் கடையின் பின்சுவரில் விழுந்த சிவப்புப் புள்ளி, ஆணி அடித்து வைத்ததுபோல அசையாமல் நின்றது.

கடையில் இருந்த யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை. புள்ளியைத்தான் பார்த்தார்கள்.

"பார்றா! இவ்வளவு நேரம் எங்களை வச்சு வெளையாட்டு காட்டினீங்களா சார்?" என்றாள் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற டானிகா. வாசலோரம் காப்பிக் குவளையோடு உட்கார்ந்திருந்த மான் வேட்டைக்காரர்கள் இரண்டு பேரும் பாராட்டாகத் தலையாட்டினார்கள். கொஞ்ச நேரம் முன்னால் அதே இருவரும்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்கள்.

முதலில் எடுத்துக்கொடுத்த குட்டைச் சுழல் துப்பாக்கியை அவன் பிடித்தபோது புள்ளி குளவி மாதிரி சுவரெங்கும் துள்ளியது. மாட்டியிருந்த மான்தலையின் காதிலிருந்து கொம்புக்கும், கொம்பிலிருந்து மூக்குக்கும் தாவியது. கைநடுக்கத்தை இரண்டு வருடமாக அவன் யாருக்கும் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். காப்பியை அரைக் குவளைக்கு மேல் ஊற்றுவதில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் கையைச் சட்டைப்பையை விட்டு எடுப்பதில்லை. குறிபார்க்கத் துப்பாக்கியில் பொருத்தியிருந்த லேசர் அதைச் சிவப்பு மையில் சுவரில் எழுதிக் காட்டிவிட்டது. இரண்டாவது துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கவே அவன் விரல்களில் வலு இல்லை. ஆற்றில் நிலக்கரிப் படகுகளைத் தொடை தடிமன் வடங்களால் கட்டி இழுத்த விரல்கள் அவை. காதுமடல் எரிய, "போதும்மா, அப்புறம் வரேன்," என்று கிளம்பினான்.

அப்போதுதான் டானிகா பெட்டியின் மூலையிலிருந்து இதை எடுத்தாள்.

"இது பழசு சார். யாரோ வித்துட்டுப் போனது. வாங்கினவங்க ரெண்டு தடவ திருப்பிக் கொண்டுவந்து வச்சிட்டாங்க, ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. ஆனா பாக்கெட்டுக்குன்னே செஞ்சது. துணியில மாட்ற மாதிரி எதுவும் நீட்டிக்கிட்டு இருக்காது. பிடிய இறுக்கினாலே லேசர் எரியும். சும்மா பிடிச்சுப் பாருங்க."

பிடித்தான். கை நடுங்கியது. புள்ளி நடுங்கவில்லை.

இது நடக்க முடியாத காரியம் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் வாங்கினான். அவனுக்காகப் பொய் சொல்லும் ஒரு பொருள் இந்த உலகத்தில் கிடைத்திருக்கிறது. அதை எப்படி விட்டுவிட்டு வருவது?

அவனுக்காகப் பொய் சொன்ன இன்னொரு ஆள் அவன் மனைவி மார்லிஸ்.

நவம்பர் தொடக்கத்தில், பொழுது சாயும் நேரம், மருந்துக்கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒல்லியான ஒருவன் சமையல் கத்தியோடு அவர்களை மறித்தான். வெர்லின் இரண்டு கையையும் தூக்கினான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அவகிட்ட இருக்கு. அவ பையில பாரு," என்றான். சொல்லிக்கொண்டே ஓர் அடி பின்னால் நகர்ந்து மார்லிஸின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவள் கைப்பை போயிற்று. அவள் அம்மாவின் மோதிரம், விரல் கணுவின் தோலையும் உரித்துக்கொண்டு போயிற்று. வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பால் வாங்க மறந்துட்டோம்."

மறுநாள் அவள் தம்பி டென்சில் வந்து விசாரித்தபோது, "வெர்ல்தான் என்னைப் பிடிச்சு இழுத்துட்டான். இல்லேன்னா அந்தக் கத்திக்காரன் குத்தியிருப்பான்," என்று அவள் சொல்வதைச் சமையலறை வாசலில் நின்று வெர்லின் கேட்டான். அவள் திட்டியிருக்கலாம். ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் வழக்கம்போல அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முட்டையும் அவன் தொண்டையில் நின்று நின்று இறங்கியது.

துப்பாக்கியைக் காட்டியபோதும் அவள் அப்படித்தான். "நல்லதாப் போச்சு. எனக்கும் தைரியமா இருக்கும்," என்றாள். தைரியமா. அந்த வார்த்தைக்கு அவன் தலை குனிந்துகொண்டான்.

தினமும் சாயங்காலம் நிலவறைக்கு இறங்கி, தோட்டாக்களை எடுத்து வைத்துவிட்டு, குறிபார்த்துப் பழகினான். வீட்டைச் சூடேற்றும் உலை அடுப்பின் எண்ணெய் வாசம், சுவரில் ஊறிய ஈரம், துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் குழாய். ஒற்றை விளக்கை அணைத்துவிட்டுப் பிடியை இறுக்கினால் எதிர்ச்சுவரில் புள்ளி எரியும். கை எவ்வளவு ஆடினாலும் அது ஆடாது. முதல் சில நாள் அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு நிம்மதியாக இருந்தது. தன் கைதான் அது என்றுகூடக் கொஞ்சம் நம்பத் தொடங்கினான்.

பிறகு ஒரு சாயங்காலம் புள்ளி நகர்ந்தது.

அவன் துப்பாக்கியை அசைக்கவில்லை. குழல் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. புள்ளி மட்டும் சுவரில் மெல்ல மேலே ஏறி, மூலையில் ஒரு கணம் தயங்கி, உத்தரத்துக்குத் தாவி, பலகைகளின் குறுக்காக, வழி தெரிந்த பூனை மாதிரி நிதானமாகப் போயிற்று. வெர்லின் அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே சமையலறை. மார்லிஸின் செருப்பு தேயும் சத்தம். அடுப்பிலிருந்து தொட்டிக்கு. தொட்டியிலிருந்து அலமாரிக்கு. அவள் நடந்தால் புள்ளி நடந்தது. அவள் நின்றால், சரியாக அவள் காலடிக்குக் கீழே, பலகையில் நின்றது.

அவன் பிடியை விட்டான். புள்ளி அணைந்தது. அணைவதற்கு முன் கொஞ்சம் யோசித்தது போல இருந்தது.

"வெர்ல், சாப்பிட வரியா?" மேலிருந்து அவள் குரல்.

"வரேன்," என்றான். மேலே போய் எதிரே உட்கார்ந்து, அவள் வைத்த இறைச்சிக் குழம்பைத் தின்றான். சொல்லலாம்தான். என்னவென்று சொல்வது? உன்னைக் காட்டிக்கொடுத்தவன் வாங்கிவந்த துப்பாக்கி உன்னைத் தேடுகிறது என்றா? கடையில் திருப்பிக் கொடுக்கலாம். அந்த இரண்டு வேட்டைக்காரர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். ஏன் என்று டானிகா கேட்பாள். அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவனுக்கு அப்போது புரிந்தது. வெட்கம்.

அந்த வெள்ளிக்கிழமை பழைய படைவீரர் சங்கக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். வண்டி நிறுத்துமிடம் ஞாபகம் வந்தது. உறையோடு கால்சட்டையின் வலப்பையில் போட்டுக்கொண்டான். இந்தத் தடவை தோட்டாக்களோடு.

கூடம் நிறைய எண்ணெய்ப் புகையும், கோஸ் கூட்டின் புளித்த வாசமும், மடக்கு நாற்காலிகள் சிமெண்டில் கிறீச்சிடும் சத்தமுமாக இருந்தது. டென்சில் காகிதத் தட்டு வளைய வளைய மீனை அள்ளிக்கொண்டு வந்து எதிரில் மார்லிஸின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கேட்டுக்கோங்கப்பா எல்லாரும்," என்று மேசை முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தான். "எங்க மச்சானைச் சாதாரணமா நெனச்சுடாதீங்க. கத்தி வச்சிருந்தவனுக்கு முன்னாடி, வெறுங்கையோட, எங்க அக்காவ ஒரே இழுப்பா இழுத்துத் தனக்குப் பின்னாடி தள்ளிட்டாராம்! என்ன மச்சான், சொல்லு."

"விடுடா," என்றான் வெர்லின்.

"அடக்கத்தப் பாரு! நானா இருந்தா ஊரெல்லாம் போர்டு வச்சிருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். மார்லிஸ் தட்டைப் பார்த்தபடி மீன்முள்ளை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். அவள் முகத்தில் எதுவும் இல்லை. அந்த எதுவும் இல்லாததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"மார்லிஸ், ஸ்வெட்டர்ல சாஸ் கொட்டிக்கிட்ட பாரு," என்றாள் டென்சிலின் மனைவி.

மார்லிஸ் குனிந்து பார்த்தாள். நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் இடப்பக்கம், வெள்ளைக் கம்பளியில், பட்டாணி அளவுக்குச் சிவப்பு. காகிதத்தால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். சிவப்பு அவள் விரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. விரலை எடுத்ததும் மறுபடி கம்பளியில் இருந்தது.

வெர்லினின் இரண்டு கைகளும் மேசை மேல் இருந்தன. துப்பாக்கி உறைக்குள், பைக்குள், மேசைக்கு அடியில் இருந்தது.

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "வயிறு சரியில்ல. கிளம்பலாம்."

"மீனைத் தொடவே இல்லியே மச்சான்!" என்று டென்சில் கத்தியது கதவு வரை துரத்தி வந்தது.

வண்டிக்குள் ஏறியதும் ஒரு காசால் லேசரின் மூடியைத் திருகி, பொத்தான் போன்ற பேட்டரியை நெம்பி எடுத்து, சன்னலுக்கு வெளியே இருட்டில் வீசினான். ஆற்றங்கரைச் சாலையில் வண்டி ஓடியது. அக்கரையில் ஒரு படகின் விளக்கு, தண்ணீரில் நீளமாக. சூடேற்றியின் உறுமல். கொஞ்ச தூரம் போனதும் அவன் கடைக்கண்ணால் பார்த்தான்.

அவள் கழுத்தில், சால்வைக்கு மேலே.

அசையாமல்.

வண்டி குலுங்கியது. அவள் குலுங்கினாள். அது குலுங்கவில்லை.

மீதி வழி முழுக்க அவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சமையலறையில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, குழல் சுவரைப் பார்க்கும்படி மேசை மேல் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். கடையில் நின்ற புள்ளி, உத்தரத்தில் நடந்த புள்ளி, ஸ்வெட்டர். பிறகு கைநடுக்கம். பிறகு, சொல்லவே முடியாது என்று நினைத்த அதையும். "நான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன், மார்லிஸ். உனக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சேன்."

அவள் எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்குள் அது தவித்தது.

"இத வச்சுக்கிட்டா இத்தன நாள் வெந்துபோன? கத்தியக் கண்டா யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்? நான் அன்னைக்கே மறந்துட்டேன், போ."

"புள்ளி?"

"நீ தூங்கி எத்தன நாளாச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா உனக்கு வேணாம்னா இது வேணாம். காலையில ஆத்துல போட்டுடலாம். முதல்ல தோட்டாவ எடு."

அவன் மனசு லேசானது. ஒரு பெரிய வடத்தை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல இருந்தது. பிடிக்குள் செருகியிருந்த தோட்டாப் பெட்டியை விடுவிக்கும் பொத்தானை அழுத்தப் பார்த்தான். விரல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. வெட்கத்தில் அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"குடு, நான் எடுக்கறேன்," என்றாள்.

துப்பாக்கி புழங்கிய வீட்டில் வளர்ந்தவள். முறையாக எடுத்தாள். குழல் பின்வாசல் சுவருக்கு. விரல் விசையைத் தொடாமல் பக்கவாட்டில் நீட்டி. அவள் கை எப்போதும்போலத் திடமாக இருந்தது.

பிறகு அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வெர்ல்."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தாள். அவனும் குனிந்து பார்த்தான்.

இடப்பக்கப் பைக்கு மேல். பட்டாணி அளவு.

குழல் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ சாகணும்னு நான் நெனச்சதே இல்ல," என்றாள் மார்லிஸ்.

அவன் ஒன்றும் கேட்கவே இல்லை.

"கீழ வை, மார்லிஸ்."

"வைக்க முடியல."

"கைய விடு."

"விட முடியல, வெர்ல்."

அவள் மணிக்கட்டு திரும்பத் தொடங்கியது. மெல்ல. குழல் சுவரை விட்டது. குளிர்பெட்டியைக் கடந்தது. நாற்காலியைக் கடந்தது. புள்ளி இருக்கும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அவன் இடப்பக்கம் சாய்ந்தான். புள்ளியும் சாய்ந்தது.

அவள் முகம் நெற்றிவரை சிவந்திருந்தது. பயத்தில் இல்லை, வெட்கத்தில். அந்த முகத்தை அவனுக்குத் தெரியும். இத்தனை நாளும் சவரக் கண்ணாடியில் தினம் காலையில் பார்த்த முகம் அது.

"நெனைக்கல. சத்தியமா நெனைக்கல. ஒரு தடவகூட..."

கண்ணீர் மோவாயில் சொட்டியது. கை ஆடவில்லை.

வெர்லின் மூச்சை இழுத்தான். புள்ளி ஏறியது. விட்டான். இறங்கியது.

பக்கவாட்டில் நீட்டியிருந்த அவள் விரல், கணுவில் ஆறாத காயத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மடங்கிக்கொண்டிருந்தது.