மாடு மென்ற போர் விமானம்

"கக்கூஸ் எங்கே பாப்பா? சீக்கிரம் சொல்லு."

புல்வெளியில் இறங்கிய விமானி கேட்ட முதல் கேள்வி அதுதான். அந்தப் பண்ணை வீட்டுச் சிறுமி லியோனி கை காட்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அந்தக் காலத்துப் போர் விமானத்தின் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள். பறக்கும்போது அது விமானியின் வாயிலும் தெறிக்கும். அப்புறம் வயிறு சும்மா இருக்குமா?

சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போன லியோனி, திரும்பி வந்தபோது திகைத்து நின்றாள். அவள் வீட்டு மாடு ரூசெட், விமானத்தின் இறக்கையில் போர்த்தியிருந்த துணியைச் சுவைத்து மென்றுகொண்டிருந்தது.

அப்பா போர்முனையில், அம்மா சந்தையில். வீட்டுக்கு மிஞ்சியது இந்த ஒரு மாடுதான். பட்டாளத்துக்குத் தெரிந்தால் ஓட்டிக்கொண்டு போய்ச் சமைத்துவிடுவார்கள். அவசரமாக மாட்டை இழுத்துப் போய்த் தொழுவத்தில் கட்டினாள்.

விமானி கொர்னே வந்து பார்த்தார். "முள்கம்பி கிழிச்சிருக்கு. சின்ன ஓட்டைதான், பறந்துடலாம்."

தப்பித்தோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் ஓட்டையைச் சுற்றிலும் துணி நைந்திருந்தது. மேலே போனபின் கிழிந்தால்?

"கம்பி இல்லைங்க, எங்க மாடு. சுத்தியும் மென்னிருக்கு. பறக்காதீங்க."

கொர்னே தொட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது. முகம் வெளுத்து, அப்படியே புல்லில் உட்கார்ந்தார். "இருட்டுறதுக்குள்ள முகாமுக்குப் போகணுமே."

"லினன் துணிதானே?" லியோனி உள்ளே ஓடினாள். அவள் கல்யாணத்துக்கென்று பெட்டியில் சேர்த்துவைத்த படுக்கை விரிப்புகளில் ஒன்றைக் கொண்டுவந்தாள். வெட்டி, நெருக்கமாகத் தைத்தாள்.

"தொளதொளன்னு இருக்கே. முகாம்ல ஏதோ பூசி விறைக்க வைப்பாங்க," என்றார் கொர்னே.

"பாதிரியார் காலரைத் துவைச்சு எங்கம்மா எப்படி விறைக்க வைக்கிறாங்களாம்?"

உருளைக்கிழங்கு மாவில் கஞ்சி காய்ச்சித் தடவினாள். மேலே சூடாக இஸ்திரி போட்டாள். கொர்னே தட்டிப் பார்த்தார். டம் டம் என்றது.

"முகாம் வரைக்கும் தாராளமா தாங்கும்," என்றார்.

இறக்கையில் பழைய ஒட்டுகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புச் சிலுவை.

"அது என்னங்க?"

"எதிரி சுட்ட ஓட்டைங்க. ஒவ்வொண்ணுலயும் அவங்க படையோட சின்னம்."

லியோனியின் குரல் இறங்கியது. "அப்போ எங்க ரூசெட்டும் எதிரியா? கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

கொர்னே கரித்துண்டு ஒன்று கேட்டு வாங்கினார். புது ஒட்டின் மேல் வளைந்த கொம்புகள் இரண்டை வரைந்தார்.

"சிலுவை எதிரிக்குத்தான். இவ நம்ம ஆளு. கொஞ்சம் பசி, அவ்வளவுதான்."

விமானம் கிளம்பியது. வேலியைத் தாண்டி, மரங்களைத் தாண்டி மேலே மேலே போனது. கொம்பு வரைந்த ஒட்டு அசையவே இல்லை. லியோனி கை வலிக்கும்வரை கையசைத்தாள்.

தொழுவத்தில் ரூசெட் மட்டும், வாய்க்கு எட்டியது வயிற்றுக்கு எட்டாமல் பறந்து போகிறதே என்று கத்தியது.