கத்தரி கேட்ட மூட்டை

பனியன் கம்பெனி முதலாளியான குழந்தையம்மாள் தம் காரின் பின்னிருக்கையில் இரண்டு தொட்டிகளை உட்கார வைத்து, அவற்றுக்கு இருக்கைப் பட்டையும் மாட்டிக் கொண்டுவந்திருந்தார். ஒரு தொட்டியில் கத்தரிச்செடி பூவும் பிஞ்சுமாக நிமிர்ந்து நின்றது. மற்றதில் இருந்த செடியோ இலை கருகித் தண்டு துவண்டு, விளிம்பில் தலையைச் சாய்த்துக் கிடந்தது.

"வேலாத்தாக்கா, இதைப் பாருங்க. ரெண்டும் ஒரே நாத்துங்க. ஒரே தண்ணி, ஒரே வெயிலு. ஒண்ணு மாப்பிள்ளையாட்ட நிக்குது. ஒண்ணு ஐசியுல கெடக்குது."

வேலாத்தாள் இரண்டு தொட்டிகளையும் சுற்றிவந்து பார்த்தார். வெளிநாட்டுக்குப் போகும் பனியன்களில் குற்றம் கண்டுபிடிப்பதையே உத்தியோகமாகச் செய்து ஓய்வு பெற்றவர் அவர். துணியைத் திருப்பிப் பாராமல் அபிப்பிராயம் சொல்லும் வழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் தங்கள் வில்லங்கங்களை அவரிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவருடைய தம்பி ஆத்தப்பனுக்கு அதில் பெருமகிழ்ச்சி. பனியன் துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வேலையின்றி இருந்த அவர், அக்காவின் வழக்கு ஒவ்வொன்றையும் அக்காவுக்கு முன்பே முடித்துவிடத் துடித்தார். இதுவரை ஒன்றும் முடிந்தபாடில்லை.

"விவரமாச் சொல்லுங்க," என்றார் வேலாத்தாள்.

"ரெண்டுக்கும் போட்டது ஜெயபாண்டி கடைக் கம்போஸ்ட்டுங்க. மொதல்ல வாங்குன மூட்டை தங்கம். அடுத்தாப்புல வாங்குனது வெசம். எனக்கு மட்டுமில்லீங்க, நம்ம மாடித்தோட்டக் குழுவுல பாதிப் பேருக்கு இதே கதைதான். நாளைக்குக் கூட்டம். அந்தக் கடையில இனி யாரும் வாங்கக் கூடாதுன்னு தீர்மானம் போடச் சொல்றாங்க. தலைவருங்கற முறையில நான் ஒத்துக்கிட்டா, அந்த மனுசன் கடையைப் பூட்ட வேண்டியதுதான். நம்மளை விட்டா அவருக்கு வேற வாடிக்கை ஏதுங்க?"

"பூட்டிட்டு என்ன பண்ணுவாரு?"

"மறுபடி பனியன் கம்பெனியில கட்டிங் டேபிள் முன்னால நிக்கோணும். இடுப்பு தேஞ்சு போச்சு, இனி நிக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. எனக்கென்னமோ அவரு ஏமாத்தறவராத் தெரியலீங்க. அதனாலதான் ஓடியாந்தேன்."

காலியான இரண்டு மூட்டைப் பைகளையும் அவர் தரையில் விரித்தார். ஆத்தப்பன் குனிந்தார், மறுகணம் நிமிர்ந்தார்.

"அக்கா, புடிச்சுட்டேன்! ‘இயற்க்கை உரம்’னு போட்டிருக்குது. பேரையே தப்பா எழுதியிருக்கறான். இது போலிப் பை!"

"அடுத்ததையும் படி."

அதிலும் ‘இயற்க்கை உரம் – நன்கு மக்கியது’ என்றே இருந்தது. றகர மெய்யை அடுத்து இன்னொரு மெய் வாராது என்பது தொடக்கப் பள்ளியிலேயே சொல்லித்தரப்படும் விதி. அதை மீறிய குற்றம், உரம் தயாரித்த நிறுவனம் அச்சிட்ட பை ஒவ்வொன்றிலும் பச்சை மையில் பளிச்சிட்டுக்கொண்டிருந்தது.

"தப்பு ரெண்டுலயும் ஒரே தப்பு. அப்படீன்னா பை ரெண்டும் ஒரே எடத்துல அடிச்சது," என்ற வேலாத்தாள், குழந்தையம்மாளிடம் திரும்பினார். "மூட்டையை எப்படித் தொறந்தீங்க?"

"கெட்டது சுலபமாத் தொறந்துதுங்க. வாயில தொங்குற நூலைப் புடிச்சு இழுத்தேன், சர்ருன்னு அவுந்துது. நல்ல மூட்டைதான் பாடாப்படுத்திருச்சு. இழுக்க நூலே இல்லை. ஊட்டுக்குள்ள போய்க் கத்தரி எடுத்துட்டு வந்து வெட்டித்தான் தொறந்தேன்."

"ரெண்டையும் குடுத்தது யாரு?"

"நல்லதைக் குடுத்தது அவரு சம்சாரம் சின்னத்தாய். நான் மொதல்ல வேற மூட்டையைத்தான் தொட்டேன். ‘அது இன்னும் ஆர்டர் ஆகலம்மா, இதை எடுத்துக்கோங்க’ன்னு சொன்னா. கடைக்கு வந்து சேந்த மூட்டை எப்படீங்க ஆர்டர் ஆகாம இருக்கும்? சரி, எதையோ சொல்றான்னு வந்துட்டேன். கெட்டதை ஜெயபாண்டியே எடுத்துக் குடுத்தாரு. அப்ப அந்தம்மா ஊர்ப் பொங்கலுக்குச் சாத்தூர் போயிருந்தா."

"ஆர்டர்," என்று வேலாத்தாள் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கே அக்காளும் தம்பியும் அவிநாசிபாளையத்துக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் இருந்த அந்தக் கடைக்குப் போனார்கள். வழியெல்லாம் ஆத்தப்பன் தம் முடிவை விளக்கிக்கொண்டே வந்தார். இழுத்ததும் அவிழ்ந்த மூட்டைதான் யாரோ பிரித்துக் கெடுத்த மூட்டை; கத்தரி கேட்ட மூட்டை, கம்பெனி இறுக்கித் தைத்த அசல். அவருடைய கணக்கில் இதைவிடத் தெளிவான வழக்கு உலகத்தில் இல்லை.

கடை வாசலில் வேன் நின்றது. ஓட்டுநர் முனீஸ் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஆத்தப்பனின் புருவம் உயர்ந்தது.

"ஏப்பா, வர்ற வழியில எங்கயாச்சும் வண்டியை நிறுத்துவியா?"

"டீக்கு நிறுத்துவேண்ணே."

"மூட்டையை அவுத்து நல்ல சரக்கை உருவிக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

முனீஸ் தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான். "உருவி எங்கண்ணே கொண்டு போக? நான் இருக்கது மொட்டை மாடித் தகர ரூமு. அங்க நானே பாதி வெந்து கெடக்கேன். செடி வேறயா?"

வேலாத்தாளும் சிரித்துவிட்டார். ஆத்தப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

ஜெயபாண்டி இடுப்பில் கையை ஊன்றியபடி எழுந்து வந்து வரவேற்றார். கடை நெற்றியில் உர நிறுவனத்தின் பெரிய பலகை; அதன் மூலையில், ‘முகவர்: ஜெயபாண்டி’ என்று சிற்றெழுத்தில் இருந்தது. லாரிகள் புழுதி கிளப்பும் அச்சாலையில் அந்தப் பலகையில் மட்டும் தூசி இல்லை.

"இந்தப் பக்கத்துக்கே கம்பெனி ஏஜென்சி நான் ஒருத்தன்தாம்மா," என்றார் அவர். பிறகு குரல் தாழ்ந்தது. "நாளைக்கு எல்லாரும் கூட்டம் போடுறாகளாம்ல. நான் ஒரு கை மண்ணுகூட மாத்தலம்மா. வந்ததை வந்தபடிதான் குடுக்கேன்."

பக்கத்தில் நின்ற சின்னத்தாய் தரையைப் பார்த்தாள். அவள் கழுத்தில் கயிறு கட்டிய சிறு கத்தரி ஒன்று தொங்கியது. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் பிரிவில் இருந்தவள். வேலையை விட்டும் கத்தரியை விடவில்லை.

"நிழல்வலை அருமையாத் தெச்சிருக்குதே. நீதானா?" என்று வேலாத்தாள் கேட்டார்.

"ஆமாக்கா. வீட்டு மெசின்தான், பின்னாடி கெடக்கு. செடிப்பையும் நானே தச்சுருவேன். இருங்க, அசையாதீக." பேச்சோடு பேச்சாக அவள் வேலாத்தாளின் முந்தானை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கத்தரித்து எறிந்தாள். "பிசிறு நின்னுச்சு. பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

வேலாத்தாள் அடுக்கியிருந்த மூட்டைகளின் அருகே போனார். பனியனின் கழுத்துப்பட்டியைத் தடவிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு மூட்டையின் வாயையும் விரலால் தடவினார். சிலவற்றில் தையல் நூல் வால்போல் தொங்கியது. சிலவற்றின் ஓரமோ மழுமழுவென்று இருந்தது. வகைக்கு ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, இரண்டினுள்ளும் கையை விட்டார்.

"ஆத்தப்பா, நீயும் வெச்சுப் பாரு."

வால் தொங்கிய மூட்டைக்குள் வைத்த கையை ஆத்தப்பன் சட்டென்று இழுத்துக்கொண்டார். உள்ளே வெதுவெதுப்பு, சாக்கடையும் நவச்சாரமும் கலந்தாற்போல் நெடி. மற்றது குளிர்ந்திருந்தது, முதல் மழைக்குப் பின் எழும் மண்வாசம் அதில் வந்தது.

"சரி, நாளைக்குக் கூட்டத்தை இங்கயே வெச்சுக்கலாம்," என்றார் வேலாத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குழுவினர் அனைவரும் நிழல்வலையின் கீழே கூடினர். பலர் செத்த செடிகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர்களைப்போல் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயபாண்டிக்கு நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை. முனீஸ் வேனில் சாய்ந்து நின்றான். சின்னத்தாய் கத்தரிக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எது போலி மூட்டைன்னு கண்டுபுடிக்கச் சொன்னீங்க," என்று வேலாத்தாள் தொடங்கினார். "நாம எல்லாரும் கெட்டதைத்தான் போலின்னு நெனச்சோம். தப்புங்க. கெட்டதுதான் அசல்."

நிழல்வலையின் கீழே சலசலப்பு எழுந்தது. ஆத்தப்பனுக்குத் தம் வழக்கு தலைகீழாகக் கவிழ்வது கண்முன் தெரிந்தது.

"மூட்டை தெக்கற மெஷினு சங்கிலித் தையல் போடும். வாடிக்கைக்காரங்க இழுத்துத் தொறக்கறதுக்குன்னே ஒரு மொழம் நூலைத் தொங்க விடும். கெட்ட மூட்டையில அந்த வால் அப்படியே இருக்குது. அதாவது, கம்பெனியில தெச்சதுக்கப்பறம் அதை யாருமே தொடலை. நல்ல மூட்டையிலதான் வால் இல்லை. இழுத்தா அவுராத வீட்டு மெஷின் தையலு. ரெண்டு மொனையிலயும் முன்னும் பின்னும் ஓட்டி, பிசிறை ஒட்ட வெட்டியிருக்குது."

"பிசிறு எதுக்குங்க வெட்டோணும்?" என்றார் குழந்தையம்மாள். "சாணி மூட்டைதானுங்க?"

"அதேதான் நானும் கேட்டுக்கிட்டேன். உர மூட்டையைப் போலியாத் தெக்கறவன் அந்த வாலை விட்டுத்தான் வெப்பான், அப்பத்தான் அசலாட்டத் தெரியும். அதை வெட்டோணும்னு யாருக்குத் தோணும்? நீண்டு நிக்கற நூலைப் பாத்தாலே குத்தம்னு கைக்குப் பழகிப்போனவங்களுக்குத்தான் தோணும். நம்மூரை விட்டா அப்படிக் கை வேற எங்கயும் இருக்காது."

எல்லாருடைய கண்களும் ஒரே கழுத்தில் தொங்கிய கத்தரிக்குப் போயின.

"இன்னொண்ணு. குழந்தையம்மா, சின்னத்தாய் உங்ககிட்ட ‘ஆர்டர் ஆகல’ன்னு சொல்லலீங்க. நீங்க மொதலாளி, உங்க காதுல ஆர்டர்னுதான் விழும். அவ சொன்னது ‘ஆல்டர்’. தப்பா வந்த பீஸைப் பிரிச்சுச் சரி பண்ணித் தெக்கறதுக்கு நம்ம கம்பெனிகள்ல ஆல்டர்னுதான பேரு? அவ ஊருக்குப் போயிருந்தப்ப ஆல்டர் ஆகாத மூட்டை வெளிய போச்சு. செடியெல்லாம் செத்துச்சு."

ஜெயபாண்டி மனைவியின் பக்கம் திரும்பினார். "ஏத்தா, என்ன இது?"

சின்னத்தாய் கத்தரிக் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஒரே மூச்சாகச் சொன்னாள்.

"மொத லோடு வந்த அன்னைக்கு நீங்க அந்தப் போர்டைத் தொடைக்கதும் பாக்கதுமா நின்னீக. காலமெல்லாம் அடுத்தவன் டேபிள்ல நின்ன மனுசன். நான் பின்னால போயி ஒரு மூட்டையை அவுத்தா, கைய வைக்க முடியல, அம்புட்டுச் சூடு. கல்லு, பால் பாக்கெட்டு, பாதி மக்குன மட்டை. இதை எந்த வாயால உங்ககிட்டச் சொல்ல? பீஸு தப்பா வந்தா எடுத்த எடுப்புல ரிஜெக்ட்டுனு தூக்கிப் போட்டுருவமா? நீங்க மத்தியானம் மாத்திரை போட்டுத் தூங்கையில எல்லாத்தையும் கொட்டிச் சலிச்சேன். ஊத்துக்குளிப் பண்ணையில சாணி வாங்கிக் கலந்து, படுதாவைப் போட்டு மூடி, சூடு அடங்குற வரைக்கும் கெளறி விட்டேன். வேகாத சோறு அது. மறுபடி அடுப்புல வச்சேன், அம்புட்டுத்தான்."

"அப்ப இத்தன நாளா சனங்க பாராட்டுனது கம்பெனி உரத்தை இல்லையா?"

"உங்க கடை உரத்தைத்தான பாராட்டுனாக."

ஜெயபாண்டி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் செத்த செடியை வைத்திருந்த அம்மாள் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

வேலாத்தாளின் குரல் மட்டும் தளரவில்லை. "ஒண்ணு சொல்லோணும் சின்னத்தாய். அடுத்தவன் பேரு போட்ட பையில உன்ற வேலையை அடைச்சு விக்கறது தப்பு. அது வாங்கறவங்களுக்கும் நியாயமில்லை. வேகாததை ‘நன்கு மக்கியது’ன்னு அடிச்சு விக்கறவனுக்கு, நீ நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்கற. அதனாலதான் அவன் இன்னமும் அதையே அனுப்பறான்."

"தப்புதாங்க்கா."

குழந்தையம்மாள் எழுந்தார். "தீர்மானம் போட்டே ஆகோணுமுங்க. ஆனா கடை மேல இல்லை. அந்தப் பையை நம்ம குழுவுல இனி ஒருத்தரும் தொடறதில்லை. சின்னத்தாய் உரம் எந்தப் பையில வந்தாலும் நான் வாங்கிக்கறேன். யாருக்காச்சும் மறுப்பு இருக்குதுங்களா?"

யாருக்கும் மறுப்பு இருக்கவில்லை. ஜெயபாண்டி இடுப்பைப் பிடித்தபடி மறுபடியும் எழுந்தார். "முனீஸு, அந்த ஏணியை எடு," என்றார். பலகை அன்றே இறங்கியது.

அடுத்த மாதம் அக்காளும் தம்பியும் அங்கே போனபோது, வெள்ளைப் பைகள் வரிசையாக நின்றன. ‘சின்னத்தாய் இயற்கை உரம்’ என்று அவற்றில் அச்சாகியிருந்தது. மிகையான ககர மெய் எங்கும் இல்லை. அச்சகத்துக்கே நேரில் போய், எழுத்துக் கோத்து முடியும்வரை நகராமல் நின்றவர் ஆத்தப்பன். இந்த வழக்கில் தாம் முடித்த பகுதி அதுவே என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார், அக்காவும் மறுக்கவில்லை.

ஜெயபாண்டி முக்காலியில் அமர்ந்து, மூட்டை தைக்கும் கைமெஷினைப் பிடித்திருந்தார். நிற்க வேண்டாத வேலை. மடியில் வரிசையாக வந்த மூட்டைகளின் வாயைச் சங்கிலித் தையலால் மூடி, குழந்தையம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தபடி, இழுத்துத் திறக்க நீளமாய் ஒரு நூலையும் தொங்கவிட்டார்.

"எங்க வீட்டுக்கு ரெண்டு மூட்டை," என்றார் வேலாத்தாள்.

சின்னத்தாய் மூட்டையை எடுத்து நிமிர்த்தினாள். கதை பேசிக்கொண்டே அதைத் துடைத்தாள். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"ஏத்தா, அது பிசிறு இல்ல, அதுதான் சாவி!" என்று ஜெயபாண்டி கத்தினார்.

கத்தரி ஏற்கெனவே வேலையை முடித்திருந்தது. வெட்டுண்ட நூல் அவள் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். ஜெயபாண்டி அந்த மூட்டையை வாங்கித் தம் மடியில் போட்டுக்கொண்டு, கடையே அதிரும்படி குரல் கொடுத்தார்:

"ஆல்டர்!"