ஸ்ட்ராபெர்ரி வாசனை

அண்ணனின் பள்ளிப் பையிலிருந்து ஸ்ட்ராபெர்ரி வாசனை வந்தது. மிட்டாயை ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்துத்தான் சிட்டு கையை விட்டாள்.

வந்தது மிட்டாய் இல்லை. பேனா போல வழவழப்பான, இளஞ்சிவப்புக் குழல்.

"ஏய், அதைக் கீழே வை!" அண்ணன் பாய்ந்து வந்தான். பத்தாம் வகுப்பு. மீசை லேசாக எட்டிப் பார்த்ததிலிருந்து தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிறவன்.

"என்னண்ணா இது?"

"வேப். வாயில வெச்சு இழுத்தா புகை மாதிரி வரும். சிகரெட்டெல்லாம் இல்ல, வெறும் ஆவி. அப்பாகிட்ட போட்டுக் குடுத்துடாத."

"வெறும் ஆவின்னு யாரு சொன்னா?"

அவன் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினான். பளபளக்கும் சட்டை போட்ட ஒருவர் புகையை வளையம் வளையமாக விட்டு, "வெறும் பழ வாசனைதான் நண்பர்களே!" என்று கண்ணடித்தார்.

திரையின் மூலையில் எறும்பு போல ஏதோ எழுத்து. சிட்டு மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து படித்தாள். "கட்டண விளம்பரம்... அண்ணா, இப்படிப் பேசச் சொல்லி இவருக்குக் காசு குடுத்திருக்காங்க!"

குழலைத் திருப்பினாள். அடியில் இன்னும் பொடி எழுத்து. அப்பா கைப்பேசி பழுது பார்க்கிறவர். அவர் மேசையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள்.

"நிகோட்டின் உள்ளது."

அண்ணன் முகம் சுருங்கியது. "சிகரெட்ல இருக்கிறதும் அதுதானே..."

"அப்போ விட்டுடேன்."

"ரெண்டு தடவை விட்டுப் பாத்தேன், சிட்டு. காலையில எழுந்ததும் கை தானா தேடுது. அதோட நம்ம நெட்டையும் இதை இழுக்கிறான். நான் மட்டும் வேணாம்னா பயந்தாங்கொள்ளின்னுவான்."

நெட்டை அவனுடைய உயிர் நண்பன். அண்ணன் குரல் அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சிட்டுக்குத் திட்டத் தோன்றவில்லை.

மாலையில் நெட்டை வந்தான். அவன் உட்காரும் முன்பே சிட்டு கேட்டுவிட்டாள்: "நெட்டை அண்ணா, அந்தப் புகை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். நெட்டை தரையைப் பார்த்தான்.

"தொண்டை எரியுது. இவன்தான் வீடியோவை அனுப்பி செமயா இருக்குன்னான். வேணாம்னா கேலி பண்ணுவானோன்னு..."

"நானா? நீ கேலி பண்ணுவேன்னுதானேடா நான் விடாம இழுத்தேன்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"நல்ல ஆளுங்கதான் போங்க!" என்றாள் சிட்டு. பிறகு அண்ணனின் கையைப் பிடித்தாள். "அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கறேன்."

அப்பா முழுவதையும் கேட்டார். திருகாணி கழற்றும் கருவியைக் கீழே வைத்தார். "நீயா வந்து சொன்னியே, அது போதும். நாளைக்கு டாக்டரைப் பாக்கலாம். நெட்டை, நீயும் வா. உங்க வீட்ல நான் பேசறேன்."

டாக்டர் உதவியோடும் அதை விடுவது எளிதாக இருக்கவில்லை. அண்ணன் காரணமே இல்லாமல் கதவை அறைந்தான். ஒருநாள் மறுபடி இழுத்துவிட்டு, தானே வந்து ஒப்புக்கொண்டான். சிட்டு அவனோடு சண்டை போடுவதை ஒரு மாதம் தள்ளி வைத்தாள். அவளுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

ஒரு மாதம் முடிந்தபோது அண்ணனின் கை காலையில் அதைத் தேடவில்லை. மறுநாளே டிவி ரிமோட்டுக்காக இருவரும் பயங்கரமாகச் சண்டை போட்டார்கள். அப்பா அடுத்த அறையில் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டார்.