அரைச் சுண்டு அரிசி

உதயகலா ரீச்சர் கடைக்குள் வந்தபோது அவர் கையில் பழுதான கைபேசி எதுவும் இருக்கவில்லை. ஒரு நாற்பது பக்கக் கொப்பி மட்டுமே இருந்தது.

புத்தூர்ச் சந்தியில் உள்ள அந்தக் கடை ஒரு காலத்தில் கொமினிகேசன் நிலையம். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்காக ஊரே அங்கே வாங்கில் காத்திருக்கும். அதை நடத்திய தம்பிராசாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. மகள் பிரசாந்தி அதே இடத்தில் கைபேசி திருத்துகிறாள். யாராவது சிக்கலோடு வந்தால் மகள் கருவியைத் திறந்து பார்ப்பாள். தகப்பன் ஆளை விசாரிப்பார். பெரும்பாலும் தகப்பன்தான் முதலில் விடைக்கு வந்து சேருவார்.

“அண்ணை, என்ரை வீட்டிலை களவு நடக்குது. ஆனா ஒண்டும் குறையேல்லை,” என்றார் உதயகலா.

நல்லூரில் அவர் வீடு. முன் அறையில் சாருஜா என்ற பல்கலைக்கழக மாணவி இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். வேறு ஒருவரும் இல்லை.

“கிழமை நாளிலை பள்ளிக்கூடம், சனி ஞாயிறு ரியூசன். நான் வெளிக்கிட்ட பிறகு ஆரோ என்ரை டப்லெற்றை எடுத்துப் பாக்கினம். இரவு பாதியிலை விட்ட வீடியோ அடுத்தநாள் முடிஞ்சு கிடக்கு. என்ன பாத்தது, என்ன தேடினது எண்டு நேரத்தோடை அதிலை கிடக்குமல்லோ, அதைத்தான் எழுதி வைச்சிருக்கிறன். சாருஜாவைத் தவிர ஆர்? ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை அறையை விடச் சொல்லிப்போட்டன்.”

சொல்லி முடித்ததும் அவர் குரல் தளர்ந்தது. “அவளும் போனா வீட்டிலை றேடியோ மட்டும்தான் கதைக்கும்.”

“உது சின்ன வேலை ரீச்சர்,” என்று பிரசாந்தி எழுந்தாள். “பாஸ்வேட்டை மாத்தி, மற்ற எல்லாரையும் வெளியிலை தள்ளிவிடுறன். ஆளுக்கொரு கணக்கு இருந்தா இந்தக் கரைச்சலே வராது.”

“பொறு பிள்ளை. தள்ளிவிட்டா ஆர் விழுந்தது எண்டு தெரியாமப் போயிடும்,” என்ற தம்பிராசா கொப்பியை விரித்தார்.

ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து பத்தரை மணி. ஒரு நாள் பத்து இருபத்தெட்டு, இன்னொரு நாள் பத்து முப்பத்திரண்டு. இருபத்தாறாம் திகதி ஞாயிறு, பதினொன்றரை. அதன்பின் எல்லா நாளும் பதினொன்றரை. நவம்பர் மூன்றாம் திகதி யாரோ சுண்டுப் பேணியால் அரிசி அளக்கும் கேள்வி ஒன்றைத் தேடியிருந்தார்கள்: ‘அரைச் சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணி?’

“சாருஜா சமைக்கிறவவோ?” என்றார் தம்பிராசா.

“அவளோ? தேத்தண்ணி வைக்கப் போய்க் கேத்திலை எரிச்சவள். ரெண்டு நேரமும் கடைப் பாசல்தான்.”

“உந்தக் கணக்கை ஆர் திறந்தது?”

உதயகலா வாசலைப் பார்த்தார். “என்ரை அவர். சுபாஸ்கரன். லண்டனுக்குப் போகமுதல் ரெண்டு பேருக்கும் சேத்துத் திறந்தவர். பிறகு என்னை வரச் சொன்னார். அம்மாவை விட்டிட்டு வரமாட்டன் எண்டன். நாலு வருசமாக் கதை இல்லை. போன வருசம் அம்மாவும் போயிட்டா. அவர் இப்ப புதுக் கணக்கு, புதுக் குடும்பம் எண்டு இருப்பார்.”

தம்பிராசா கொப்பியை மூடினார். “நாளைக்குப் பதினொண்டேகாலுக்கு வீட்டை வாறம். வகுப்பை நிப்பாட்டுங்கோ. சாருஜாவும் நிக்கட்டும். டப்பை ஒருதரும் தொடப்படாது.”

சனிக்கிழமை அவர்கள் போனபோது சாருஜா கட்டி வைத்த பையின் பக்கத்தில் இருந்தாள். கண் வீங்கியிருந்தாலும் வாய் ஓயவில்லை. “அங்கிள், நானா ஒப்புக்கொள்ளோணுமோ, இல்லாட்டி நீங்கள் கண்டுபிடிப்பீங்களோ?”

“நான் கேக்கிறதுக்கு மட்டும் சொல்லு பிள்ளை. ஒக்டோபர் இருபத்தாறிலை உன்ரை விரிவுரை நேரம் மாறினதோ?”

“இல்லை.”

“ரீச்சர், உங்கடை பள்ளிக்கூட மணி?”

“இல்லை அண்ணை.”

“அப்ப ஆரின்ரை மணிக்கூடு ஒரு மணித்தியாலம் மாறினது?” தம்பிராசா மேசையின் நடுவே இருந்த டப்பைப் பார்த்தபடி பேசினார். “கொமினிகேசன் நடத்தேக்கை, ஒவ்வொரு வருசமும் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வாங்கிலை ஒரே அழுகை. பத்தரைக்கு எடுக்கிற மனுசன் எடுக்காது. என்ன நடந்ததோ எண்டு பெண்டுகள் பயந்து நிப்பினம். பதினொண்டரைக்கு மணி அடிக்கும். லண்டனிலை அண்டைக்குத்தான் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைக்கிறவை. அங்கை விடிய ஆறு மணி, முந்தி எங்கடை பத்தரை, இப்ப பதினொண்டரை. அந்த ஆளின்ரை நேரம் மாறேல்லை.”

உதயகலா கொப்பியை விரித்து, இருபத்தாறாம் திகதியில் விரலை வைத்தார்.

“இந்த வீட்டுக்குள்ளை ஒருதரும் வரேல்லை ரீச்சர். ஒரு கணக்கு, ரெண்டு நாடு. நீங்கள் இரவு பாதியிலை விடுறதின்ரை மிச்சத்தை அவர் வேலைக்குப் போகமுதல் பாக்கிறார்.”

“அவரோடை ஆரேன் இருப்பினம்,” என்றார் உதயகலா மெல்ல.

“அரைச் சுண்டு ஒரு ஆளின்ரை சோறு. வேறை ஒருதி இருந்தா அவவைக் கேட்டிருப்பார். உதிலை தேடியிருக்கமாட்டார்.”

சுவர் மணிக்கூடு பதினொன்றரையைத் தாண்டியது. பிரசாந்தி டப்பில் பார்த்ததும் தேடியதும் கிடக்கும் பட்டியலை ஒருமுறை புதுப்பித்தாள். முதல்நாள் இரவு உதயகலா பாதியில் நிறுத்திய நல்லூர்த் தேர் வீடியோ புது வரியாக மேலே வந்து நின்றது. நேரம் பதினொன்று முப்பத்தொன்று.

“நான் தொடேல்லை!” என்று சாருஜா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

“எடுத்துக் கதையுங்கோவன் ரீச்சர்,” என்றாள் பிரசாந்தி.

“முதல் நான் எடுக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான்.” உதயகலா டப்பைத் தன் பக்கம் இழுத்தார். “தட்டமாட்டன் எண்டு பண்ணேல்லை.”

தேடும் பெட்டியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: ‘அரைச் சுண்டு அரிசிக்கு ஒரு சுண்டுத் தண்ணி.’

ஒன்றும் வரவில்லை. நிமிடங்கள் போயின. வீதியில் ஒரு சைக்கிள் மணி கேட்டு ஓய்ந்தது. இத்தனை பேர் இந்த மேசையைச் சுற்றி இருந்து எவ்வளவு காலம் என்று உதயகலாவுக்கு நினைவில்லை. “பையை உள்ளை கொண்டுபோய் வை பிள்ளை. என்னிலைதான் பிழை,” என்றார், திரையிலிருந்து கண் எடுக்காமல். சாருஜாவின் கண்ணும் திரையிலேயே இருந்தது.

எட்டாவது நிமிடம் பிரசாந்தி மறுபடி புதுப்பித்தாள். புதிய வரி ஒன்று இருந்தது.

‘சோறு குழையுது கலா.’

பிரசாந்தி தகப்பனைப் பார்த்து, உதயகலாவிடம் தயங்கிக் கேட்டாள். “அப்ப பாஸ்வேட்டை என்ன செய்ய?”

உதயகலா கேட்டதாகத் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் திரையை ஒருமுறை துடைத்துவிட்டு, தட்டத் தொடங்கினார்.

‘அப்ப தண்ணியைக் கொஞ்சம் குறையுங்கோ.’