காபி ஆற்றியவர்

நிலவின் தென்துருவக் குடியிருப்பில் எந்தக் கல்யாணமும் ஏழாண்டுக்கு மேல் தானாக நீடிக்காது. தவணை முடியும்போது கணவனும் மனைவியும் மண நீட்டிப்பு அலுவலகத்துக்குப் போய், 'தொடர்கிறோம்' என்றோ 'போதும்' என்றோ வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முதல் நாள், தாங்கள் முதன்முதலில் சேர்ந்து பார்த்த படத்தை மறுபடி சேர்ந்து பார்த்தாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். பூமியில் ஜாதகம் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பலனும் ஏறக்குறைய அதே அளவுதான்.

பரிதிக்கும் தில்லைக்கும் நாளை தவணை. அவன் காற்றுச் சுத்திகரிப்புப் பிரிவில் பொறியாளன். அவள் பாசித் தோட்டத்தில் வேலை செய்பவள். அடிதடி, துரோகம் எதுவும் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் தன் பதிலைத் தயார் செய்துகொண்டிருப்பார், அவ்வளவுதான். சில மாதங்களாகப் பேச்சும் நின்று வீடு அமைதியாக இருந்தது. தில்லை 'போதும்' என்று சொல்லத் தீர்மானித்திருந்தாள். பரிதிக்கு அது தெரியும். வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் அவனுக்கு வாய் வரவில்லை.

அவர்களுடைய படம் பூமியில் எப்போதோ எடுத்த ஒரு காதல் நகைச்சுவை. பொதுச் சேமிப்பை மூடியபோது மூலத்தை வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு வீடு ஒரு பிரதி கொடுத்துவிட்டார்கள். முகமேற்றி என்ற கருவி இல்லாமல் அங்கே யாரும் படம் பார்ப்பதில்லை. நாயகனுக்கு உங்கள் முகம், நாயகிக்கு உங்கள் மனைவியின் முகம். அது ஏறியதும் அந்தப் பிரதியில் பழைய முகம் அழிந்துவிடும். நினைவகத்துக்கு அவ்வளவு பஞ்சம். அந்தப் படத்தின் நிஜ நாயகனும் நாயகியும் எப்படி இருந்தார்கள் என்று குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை. குரூப் போட்டோவில் முதலில் தன்னைத் தேடியவர்களின் வாரிசுகள்தானே அவர்கள்.

கல்யாணமான புதிதில், தங்கள் முகங்கள் காதலிப்பதைப் பார்த்து இருவரும் கூச்சத்தில் நெளிந்திருக்கிறார்கள். இப்போது அதே முகங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஓட்டலில் காதலர்கள் சண்டை போடும் காட்சி வந்ததும், கண்ணை வேறு எங்கேயாவது வைத்தால் போதும் என்று தில்லை திரையின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு சர்வர் நின்றிருந்தார்.

காபி கொண்டுவந்தவர், சண்டைக்கு நடுவில் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறார். சும்மா நிற்பானேன் என்று டபராவிலும் டம்ளரிலுமாக ஆற்றத் தொடங்குகிறார். நாயகி ஒவ்வொரு குறையாகச் சொல்லச் சொல்ல, அவர் கை ஒவ்வொரு சாணாக உயர்கிறது. நாயகன் ஒரு பொய் சொல்கிறான். ஆற்றுவது நிற்கிறது. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஆற்றுகிறார். கடைசியில் காதலர்கள் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போய்விட, அந்தக் காபியை நிதானமாகத் தானே குடித்துவிட்டுத் தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்கிறார். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. காட்சியையே தூக்கிக்கொண்டு போய்விட்டார் மனிதர்.

தில்லை சிரித்துவிட்டாள். பக்கத்தில் பரிதியும் சிரித்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒன்றாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

"இவரை நாம போன தடவை பாக்கவே இல்லையே?" என்றாள்.

"எங்க பாத்தோம்? நம்மளையேதான பாத்துக்கிட்டு இருந்தோம்."

காட்சியைத் திருப்பிப் போட்டார்கள். மறுபடியும் போட்டார்கள். நாயகி புலம்பும் இடத்தில் பரிதி படத்தை நிறுத்தினான்.

"நீ சொல்றப்ப நான் ஒருநாளும் இப்படி நின்னு கேட்டதில்ல, தில்லை."

தில்லை திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இனிமே கேளு," என்றாள். "ஆனா காபிய நீயே குடிச்சிடாத."

சர்வரின் முகம் இன்னும் மாற்றப்படவில்லை, மாற்றட்டுமா என்று முகமேற்றி கேட்டது. அவர் அவராகவே இருக்கட்டும் என்று தில்லை சொல்லிவிட்டாள்.

மறுநாள் இருவரும் 'தொடர்கிறோம்' என்றார்கள். அலுவலர் ஆச்சரியப்பட்டுக் காரணம் விசாரிக்க, தில்லை சர்வரைப் பற்றி வாயோயாமல் சொன்னாள். அங்கேதான் வினை. செய்தி பரவி எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். நடிப்பு என்றால் இதுதான் என்று கொண்டாடினார்கள். பிறகு, பிடித்துப்போனதை மனிதர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். வீட்டுக்கு வீடு அந்தச் சர்வருக்கும் தங்கள் முகத்தை ஏற்றிக்கொண்டார்கள். தான் எவ்வளவு அடக்கமானவன் என்று காட்டிக்கொள்ள அதைவிட நல்ல வேடம் கிடைக்குமா? தன் முகம் போடும் சண்டைக்குத் தன் முகமே காபி ஆற்றுவதைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பு மட்டும் வரவில்லை.

நிஜமான சர்வர் மிஞ்சியது பரிதி வீட்டுப் பிரதியில் மட்டும்தான். அவரைப் பார்க்க அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். காபிக் காட்சி முடிந்ததும் பக்கத்து வீட்டு அம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தில்லையின் தோளைத் தொட்டாள்.

"என்னமா பண்றார் மனுஷன். அது சரி, அவர் முன்னால சண்டை போட்டுக்கிட்டு நிக்குதுங்களே, அந்த ரெண்டும் யாரு?"

திரை நிறையப் பரிதியின் முகமும் தில்லையின் முகமும்தான் இருந்தன. முன்பானால் பரிதிக்கு முகம் சுண்டியிருக்கும். இப்போது அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யாரோ ரெண்டு பேரு, அக்கா," என்றாள் தில்லை.

பரிதி எழுந்து போய் எல்லோருக்கும் பாசிக் காபி ஆற்றத் தொடங்கினான். தில்லை பின்னாலேயே வந்து, தோட்டத்தில் அன்று நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிலவில் காபி மெதுவாகத்தான் விழும். அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் கை உயர்ந்தே இருந்தது.