கூரையும் குரலும்

செந்நகரில் ஒரு பிள்ளைக்குப் பதினேழு வயது நிறைந்ததும் அதன் மூளையைப் படமெடுத்துக் கூடத்துச் சுவரில் மாட்டிவிடுவது வழக்கம். அக்கம்பக்கத்தார் வந்து, காப்பி குடித்தபடியே அதைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போவார்கள். இளவெயினியின் படத்தை மாட்டிய அன்று முதலில் வந்தவர் எதிர்வீட்டு மாசானம். மூக்கு சுவரில் இடிக்குமளவு நெருங்கி நின்று பார்த்தார்.

“இந்த மஞ்சத் திட்டு என்ன அண்ணாச்சி?”

“மிமிக்ரி,” என்றார் அவள் அப்பா ஆவுடையப்பன். பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிச் சொல்வதுபோல அவர் குரல் இறங்கியிருந்தது.

“ஏயப்பா! இம்புட்டு எடத்த அடைச்சுக்கிட்டுல்லா கெடக்கு! பெறகு படிப்ப எங்கன வைக்கது?”

அதுதான் ஆவுடையப்பனின் கவலையும்.

செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிய முதல் தலைமுறைக்கு நாலைந்து வருஷம் உட்கார்ந்து படிக்க அவகாசம் இருக்கவில்லை. அவசரத்துக்குக் கண்டுபிடித்ததுதான் பதியம். செடிக்குப் பதியம் போடுவதுபோல ஒரு தொழிலின் மொத்தக் கல்வியையும் மூளையில் ஊன்றிவிடுவது. கல்லூரி என்றால் ஒரு மாதம் படுக்கை, அவ்வளவுதான். போகும்போது ஒன்றும் தெரியாத பிள்ளை வரும்போது பொறியாளராக வரும். ஆனால் ஊன்றுவதற்கு நிலம் வேண்டுமே! அதற்காக ஏற்கெனவே முளைத்திருப்பதைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஆட்டம், பாட்டம், பந்து, படம் வரைதல், இப்படித் தொழிலுக்கு உதவாத எல்லாவற்றுக்கும் ‘உபரி ஆர்வம்’ என்று பெயர். அவற்றை அகற்றுவது களையெடுப்பு.

ஆவுடையப்பனுக்கும் அந்த வயதில் களையெடுத்திருந்தார்கள். எதை எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. திறமையோடு அதன்மீது இருந்த ஆசையையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். ஆகையால் பின்னால் யாரும் ஏங்குவதில்லை. நகரத்தின் பெரிய கல்லூரியான முழுப்பதியக் கல்லூரி தன் வாசலிலேயே பொறித்து வைத்திருந்தது: ‘எங்கள் மாணவர் ஒருவர்கூட இதுவரை வருந்தியதில்லை.’ அது பொய்யல்ல.

அவர் மனைவி கோமதி கீரைக்கூடத்தில் வேலை பார்த்தவள். செந்நகரின் தலைக்கு மேல் ஒரு பெரிய கவிகூரை உண்டு. உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் காப்பது அதுதான். மகளுக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது கீரைக்கூடம் இருந்த கிழக்குப் பக்கத்தில் அந்தக் கூரை கிழிந்தது. கோமதியின் உடலை வெளியே எடுத்தபோது அவள் மடியில் பறித்த கீரை அப்படியே இருந்தது. அன்றிலிருந்து ஆவுடையப்பனின் மனசில் ஒரே எண்ணம்தான். மகள் கூரைப் பொறியாளர் ஆக வேண்டும். இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது.

இளவெயினிக்கும் அதில் மறுப்பில்லை. சிறுமியாக இருந்தபோதே அண்ணாந்து கூரையின் தையல்களைப் பார்த்துக்கொண்டு நடந்து, எதிரே வருகிறவர்கள்மேல் மோதிக்கொள்வாள். ஆனால் அவளிடம் குரல்களும் இருந்தன. காற்று தயாரிக்கும் ஆலையின் மேலாளர் மூக்கால் பேசுவது, வண்டியின் கதவு மூடும்போது முனகுவது, மாசானத்தின் ஏப்பம், எல்லாம் அவள் தொண்டைக்குள் குடியிருந்தன. பள்ளி விழாவில் அவள் ஏறினால் சிரிப்புச் சத்தத்தில் சுவர் அதிரும்.

வீட்டில் மட்டும் இன்னொரு குரல் உண்டு. அம்மா போய் ஓராண்டு கழிந்த ஒரு மத்தியானம் ஆவுடையப்பன் சாப்பிடாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு சின்னச் செருமல். பிறகு, “ஏங்க, சோறு ஆறிப் போவுது. அங்கன என்ன பராக்கு?” கடைசி எழுத்தை விழுங்கிவிடும் அதே கோமதி. அவர் திரும்பவே இல்லை. திரும்பினால் மகள்தான் நிற்பாள் என்று தெரியும். அப்படியே போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதன்பிறகு அது வீட்டுப் பழக்கமாகிவிட்டது. கோமதி ஒரு கல்யாணத்தில் வாழ்த்துச் சொன்ன ஒளிப்பதிவு இருந்தது. ஆனால் ஒளிப்பதிவு எத்தனை முறை போட்டாலும் அதே கல்யாணத்தைத்தான் வாழ்த்தும். மகளிடம் இருந்த கோமதியோ இன்றைக்கு அவர் போட்டிருக்கும் கசங்கிய சட்டையைப் பார்த்துத் திட்டுவாள். அந்த வித்தியாசத்தில்தான் அவர் உயிர் வாழ்ந்தார். அதை மகளிடம் சொன்னதில்லை.

“எப்பா, எனக்குக் கூரையும் வேணும், குரலும் வேணும்,” என்றாள் இளவெயினி. “சமன் கல்லூரிக்குப் போயி ஒரு தடவ பாப்போம்ப்பா.”

சமன் கல்லூரி நகரின் விளிம்பில் இருந்தது. அங்கே அரைப் பதியம்தான் போடுவார்கள். பாதி நிலத்தில் தொழில், மீதி நிலம் பிள்ளைக்கு. அவர்கள் போனபோது முற்றத்தில் சிலர் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சுவரில் சாய்ந்து எதையோ பாடிப் பாடி, பிடிக்காமல் திரும்பத் திரும்பத் தொடங்கினாள். ஆவுடையப்பனுக்கு அது என்னவோ கல்லூரிபோலவே படவில்லை. கல்லூரி என்றால் வரிசையாகக் கட்டில்கள், அமைதி.

முதல்வர் சிவகாமசுந்தரி ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

“எங்க பிள்ளைங்க கூரைக் கழகத்துல உதவியாளராத்தான் சேர முடியும் ஐயா. மீதிய வேலையில இருந்தே கத்துக்கிடணும். பத்து வருஷம்கூட ஆவலாம். முழுப்பதியக்காரங்க முதல் நாளே பொறியாளர்.”

“கூரை கிழிஞ்சா உதவியாளர் என்ன செய்வாரு?”

“பொறியாளர் சொல்றதச் செய்வாரு.”

“பொறியாளர் வந்து சேர நேரமாச்சுன்னா?”

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இளவெயினிதான் ஆரம்பித்தாள்.

“பத்து வருஷம்தானப்பா. நான் கத்துக்கிட மாட்டேனா?”

“அம்மா சாவும்போது அங்கன நின்னது ஒரு உதவியாளன்தான், தெரியுமாட்டி ஒனக்கு? பொறியாளர் வார வரைக்கும் கையப் பெசஞ்சிக்கிட்டு நின்னான்.”

“தெரியும்ப்பா.”

“நானும் களையெடுத்தவன்தான். நல்லாத்தான இருக்கேன்? எதயாச்சும் நெனச்சு ஏங்குதேனா?”

“என்னத்த எடுத்தாகன்னே ஒங்களுக்குத் தெரியாதேப்பா, பெறகு எப்படி ஏங்குவீக?”

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிடி தளரவில்லை. மாசானம் தன் மகன் முழுப்பதியம் போட்டுவந்து இப்போது மூன்றாம் வட்டத்துக் கூரையையே கவனித்துக்கொள்வதாக ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து சொன்னார். கடைசியில் இளவெயினி சரி என்றாள். அம்மாவின் சாவைச் சொல்லிக் கேட்ட தகப்பனிடம் ஒரு பெண் வேறு என்ன சொல்ல முடியும்?

முழுப்பதியக் கல்லூரியின் வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். பெற்றோர் அதற்குமேல் போகக் கூடாது. ஆவுடையப்பன் மகளின் தலையைத் தடவினார். என்ன சொல்வதென்று தெரியாமல், “ஒருக்கா பேசிட்டுப் போ தாயி,” என்றார். யாருடைய குரலில் என்று அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு அந்தச் சின்னச் செருமல்.

“ஏங்க, புள்ளய இங்கன விட்டுட்டுப் போகாதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.”

பக்கத்தில் நின்ற வேறு பெற்றோர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அது கோமதி சொல்லியதா, மகள் சொல்லியதா என்று பிரித்தறிய முடியாமல் ஆவுடையப்பன் நின்றார். பிரித்தறிந்திருந்தால் ஒருவேளை கூட்டிக்கொண்டு போயிருப்பார். “அப்படியே அவளேதான்,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் கதவுக்குள் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது ஒரு குறையும் இல்லை. முகத்தில் தெளிவு. வரும் வழியிலேயே தெருக்கோடியில் அண்ணாந்து பார்த்து, “அந்த மூணாவது தையல் ஆறு மாசத்துல விட்டுரும்ப்பா,” என்றாள். ஆவுடையப்பனுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. அன்று மத்தியானம் அவரே சமைத்தார். சமைத்ததை மேசையில் வைத்துவிட்டு வேண்டுமென்றே ஜன்னலோரம் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“எப்பா, சாப்பிடலயா?” என்று மகள் கேட்டாள். தன் சொந்தக் குரலில்.

“அம்மா மாதிரிச் சொல்லேன்.”

அவள் யோசித்தாள். அம்மாவை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தச் செருமல்கூட நினைவிருந்தது. “ஏங்க, சோறு ஆறிப் போவுது,” என்று ஒவ்வொரு எழுத்தையும் முழுசாகச் சொன்னாள். “இப்படித்தானப்பா சொல்லுவாக?”

“ஆமாம்மா. இப்படித்தான்.”

சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மகள் அன்பாகத் தண்ணீரை எடுத்து நீட்டினாள்.

கூரைக் கழகத்தின் நேர்முகத்துக்கு அவர் மகளோடு போய் வெளியே காத்திருந்தார். அவள் சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள்.

“எடுக்கலப்பா.”

“ஏம்மா? கேட்டதுக்குச் சொல்லலையா?”

“கூரையப் பத்தி ஒண்ணுமே கேக்கல. இனிமே கூரையச் சிலந்திப் பொறிக பாத்துக்கிடுமாம். கிழியறதுக்கு முந்தியே தானாத் தச்சிடுமாம். ஆனா அதுகளுக்கு இன்னும் பழகல, அங்கங்க கிழியத்தான் செய்யுதாம். அப்ப எச்சரிக்கை மணி அடிச்சா சனங்க நகர மாட்டேங்காகளாம். பொறி பேசினா யாரும் மதிக்கிறதில்ல, கையில இருக்கிற வேலைய முடிச்சிட்டுப் போவோம்னு நிக்காகளாம். சொந்தக்காரங்க கூப்பிடுத மாதிரிக் கூப்பிட ஆள் வேணுமாம். ‘வேற என்ன தெரியும்? பொழுதுபோக்கு என்ன?’ன்னு கேட்டாக.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். உண்மை அதானப்பா?”

மடியில் கீரையோடு கிடந்தவளை அவர் அந்த நிமிஷம் நினைத்தார். மணி அடித்திருக்கும். அடிக்காமல் இருந்திருக்காது. இன்னும் ஒரு பிடி பறித்துவிட்டுப் போவோம் என்று நின்றிருப்பாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

“வருத்தப்படாதீங்கப்பா. எனக்கு வருத்தமே இல்ல,” என்றாள் மகள். அதுவும் உண்மைதான்.

மறுநாள் அவர் முழுப்பதியக் கல்லூரிக்குத் தனியாகப் போனார். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியுமா என்று கேட்டார். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

“களைய யாராச்சும் சேத்து வைப்பாங்களா ஐயா? ஆனா கவலப்படாதீங்க. அடுத்த மாசத்துல இருந்து நாங்களே குரல் பதியம் போடப் போறோம். இப்ப அதுக்குத்தான் கிராக்கி. கழகம் ஒப்புக்கிட்ட அப்பா குரல் ஒண்ணு, அம்மா குரல் ஒண்ணு. எல்லாப் பிள்ளைக்கும் அதே தரம்.”

“ஒரே அம்மாவா?”

“ஆமா. குழப்பம் வரக் கூடாது பாருங்க.”

“என் பொண்ணுக்கு ஏற்கெனவே கூரைப் பதியம் இருக்கே?”

“அதை எடுத்துடலாம். இடம் வேணும்ல?”

குரல் பதியம் தொடங்கிய காலையில் கல்லூரிக்கு வெளியே பேர் கொடுக்க வந்த பெற்றோரின் வரிசை தெருவைச் சுற்றி வளைந்து கிடந்தது. ஆவுடையப்பனும் அதில் நின்றார். மகளைக் கேட்டபோது, “ஒங்களுக்குச் சரின்னு பட்டா எனக்கும் சரிதானப்பா,” என்று சொல்லியிருந்தாள். முன்பெல்லாம் அவள் அப்படிச் சொல்கிறவள் அல்ல.

அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் பேச்சுத் துணை தேடினாள்.

“ஒங்களுக்கும் பொண்ணா அண்ணாச்சி? எனக்கு மூத்தவ. அவளோட பெரிய ரோதனையா இருக்கு. எந்நேரமும் அந்தக் கூரையவே அண்ணாந்து பாத்துக்கிட்டுத் திரியுதா. எந்தத் தையல் எப்ப விடும்னு தானாவே கணக்குப் போட்டுச் சொல்லுதா. யாரும் சொல்லிக் குடுக்கல, கேட்டுக்கிடுங்க. அந்தக் காலம் மாதிரின்னா பரவால்ல. இப்ப அத வச்சிக்கிட்டு என்ன செய்ய? மூள முழுக்க அதான் அடைச்சிக் கெடக்கு. மொதல்ல அதப் பிடுங்கிப் போடச் சொல்லணும்.”

ஆவுடையப்பன் அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

“அத எடுத்துராதம்மா. புள்ளய இங்கன கொண்டாந்து விட்டுராத, வீட்டுலயே வச்சுக்கோ.”

“வெறும் ஆசைய வச்சிச் சோறு திங்க முடியுமா அண்ணாச்சி?” அவள் சிரித்தாள். “அப்படின்னா நீங்க எதுக்கு நிக்கீக?”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் முன்னால் கதவு திறந்து வரிசை நகர்ந்தது. “போங்க அண்ணாச்சி, எடம் விழுது,” என்று அவர் முதுகில் மெல்லத் தட்டினாள். ஆவுடையப்பன் ஓரடி முன்னால் போனார்.